செராயாவைப் பேட்டைச் சாலையில் நட்டால் காடு வருமா?

பிப்ரவரி 6, மாலை 6.40 – சிங்கப்பூர், உட்லண்ட்ஸ் வாசகர் எழுப்பிய கேள்வி

ஐயா, பத்து இலட்சம் மரம் நடும் இயக்கம் 2020இல் தொடங்கியதிலிருந்து எங்கள் பேட்டையில் எங்கு பார்த்தாலும் புதுக் கன்றுகள் நிற்கின்றன. ஆனால் பெருஞ்சாலைகளில் நமக்கு நிழல் தருபவை இன்னும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த தூங்குமூஞ்சி மரங்களே. புக்கிட் தீமா குன்றுக் காட்டில் நிற்கும் செராயா நம் மண்ணின் மரம்; அறுபது மீட்டர் வரை உயரும் என்கிறார்கள். அதையே ஆயிரக்கணக்கில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டைகளில் நட்டுவிட்டால், அந்தச் சிறிய காட்டைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டிய தேவை இராது அல்லவா? மரம் பிழைத்தால் இனம் பிழைத்துவிடும் என்பது என் கருத்து.

பிப்ரவரி 6, இரவு 10.15

தம்பி, என் மறுப்பு முழுவதும் உங்கள் கடைசி வரியைப் பற்றியது. மரம் பிழைப்பதும் இனம் பிழைப்பதும் வேறு வேறு. செராயாவைப் போல இதை வெளிப்படையாகக் காட்டும் மரம் நம் தீவில் அதிகம் இல்லை.

முதலில் மரத்தைச் சொல்லிவிடுகிறேன். செராயா என்று மலாயில் பல மரங்களைச் சொல்வதுண்டு. நாம் பேசுவது ஷோரியா கர்ட்டிசி. பினாங்குத் தாவரவியல் பூங்காவைப் பேணிய சார்லஸ் கர்ட்டிஸின் பெயரைத் தாங்கியது. அண்மைய வகைப்பாட்டில் ரூப்ரோஷோரியா என்ற பேரினத்தின் கீழ் வைக்கிறார்கள். பழைய பெயரே இன்னும் பரவலாகப் புழங்குவதால் நானும் அதையே எழுதுகிறேன். மர வணிகத்தில் இது அடர்சிவப்பு மெரந்தி வகையைச் சேர்ந்தது. நம் தலைமுறையினர் வீட்டுக் கதவிலும் அலமாரியிலும் இந்த வகை மரத்தைத் தொட்டுப் பழகியவர்கள். நின்ற நிலையில் பார்த்தவர்கள் குறைவு.

புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதியின் பரப்பு ஏறத்தாழ 163 ஹெக்டர். குன்றின் உயரமும் தற்செயலாக 163 மீட்டரை ஒட்டியதே. கருங்கல் பாறையின் மேல் படிந்த அமில மண், வளம் குறைந்தது. செராயா விரும்புவது பள்ளத்தாக்கை அன்று, முகட்டை. நீர் தேங்காமல் வழிந்தோடும் முகடுகளிலும் அவற்றை ஒட்டிய சரிவுகளிலும் அது மற்ற மரங்களின் தலைக்கு மேல் எழுந்து நிற்கிறது. இலையின் அடிப்புறம் சாம்பல் பூத்திருப்பதால், எதிர்ச் சரிவிலிருந்து பார்த்தால் பச்சைக்கிடையே வெள்ளி படர்ந்த உச்சிகள் தனித்துத் தெரியும். உயிரியல் கற்பித்த காலத்தில் மாணவர்களிடம் நான் முதலில் காட்டியது அந்த நிறத்தைத்தான். அதைப் பழகிக்கொண்டவர்கள் பிறகு இலையைக் கையில் எடுக்காமலே மரத்தைச் சொல்லிவிடுவார்கள்.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், அந்த முகடும் அந்த மண்ணும் மரத்துக்கு வெறும் பின்னணி அல்ல. சாலையோரத்துக்கு இவற்றில் எதையும் எடுத்துச்செல்ல முடியாது. எஞ்சியதை நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 7, காலை 7.05

வேரைப் பற்றி. செராயா சேர்ந்த டிப்டெரோகார்ப் குடும்பத்து மரங்களின் நுனிவேர்கள் தனியாக வேலை செய்வதில்லை. வேர்ப்பூஞ்சைகள் அவற்றின் மேல் உறைபோல் படிந்து, மண்ணிலுள்ள மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) பிற சத்துகளையும் உறிஞ்சிக் கொடுக்கின்றன. மரம் பதிலுக்குச் சர்க்கரை கொடுக்கிறது. பாதையோரம் குனிந்து, ஈரமான இலைக்குவையின் மேலடுக்கைக் கண்ணால் மட்டும் பாருங்கள். இலைகளுக்கிடையே வெண்ணிற நூலிழைகள் ஓடுவது தெரியும். (எல்லா இழையும் வேர்ப்பூஞ்சை அன்று, இலையை மக்கச் செய்யும் பூஞ்சைகளும் கலந்திருக்கும்.) காட்டில் விழுந்து முளைக்கும் கன்று, தாய்மரத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே இந்தத் துணையைப் பெற்றுவிடுகிறது. வெயில் நேரடியாக அடித்து, கட்டடக் கழிவு கலந்து, இறுகிக் கிடக்கும் மண்ணில் அந்தப் பூஞ்சைகள் செழிப்பதில்லை. நாற்றங்காலில் காட்டு மண்ணைக் கலந்து கன்று வளர்ப்பது இதற்காகத்தான்.

பிப்ரவரி 7, இரவு 9.30

பூப்பு. இந்தப் பேச்சின் நடுவே வைக்க வேண்டியது இதுதான், ஆகவே சற்று நீளமாக எழுதுகிறேன்.

மாமரம் ஆண்டுதோறும் பூக்கிறது. செராயா அப்படியில்லை. தென்கிழக்காசியத் தாழ்நிலக் காடுகளில் இரண்டு ஆண்டு முதல் பத்து ஆண்டு வரை ஒழுங்கற்ற இடைவெளி விட்டு, ஒரே பருவத்தில் நூற்றுக்கணக்கான மர இனங்கள் சேர்ந்து பூக்கின்றன. அவற்றில் டிப்டெரோகார்ப் மரங்களே பெரும்பகுதி. இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை சில நாள்களுக்குச் சிறிதளவு இறங்குவதும் நீண்ட வறட்சியும் தூண்டுகோல்கள் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன; பசிபிக் கடல் சூடேறி நம் பக்கம் வறட்சி தரும் எல் நினோ ஆண்டுகளோடு அடிக்கடி பொருந்தி வருகிறது. ஆண்டு முழுவதும் மழையும் வெப்பமும் ஏறத்தாழ ஒரே சீராக இருக்கும் நிலநடுக்கோட்டுப் பகுதியில், மரங்களுக்கு நாள் குறித்துக் கொடுக்கும் பருவகாலம் வேறு இல்லை.

ஏன் இப்படிக் கூட்டமாகப் பூக்க வேண்டும்? சூழலியலாளர் டேனியல் ஜான்சன் 1974இல் முன்வைத்த விளக்கம் இன்றும் வலுவாக நிற்கிறது. கொழுப்பு நிறைந்த விதையைத் தின்னக் காட்டுப்பன்றி, அணில், கூன்வண்டு எனப் பல உயிர்கள் காத்திருக்கின்றன. ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக விதை விழுந்தால் அத்தனையும் தின்னப்பட்டுவிடும். பல ஆண்டு ஒன்றும் கொடுக்காமல் பட்டினி போட்டு, பிறகு ஒரே நேரத்தில் தின்று தீர்க்க முடியாத அளவுக்குக் கொட்டினால் மிஞ்சுவது முளைக்கும். ஆனால் ஒரு மரம் தனியாகக் கொட்டினால் போதாது. வட்டாரம் முழுவதும் சேர்ந்து கொட்ட வேண்டும். மேற்குக் களிமந்தானின் குனோங் பாலோங் தேசியப் பூங்காவில் நடந்த ஆய்வின் முடிவு 1999இல் வெளிவந்தது. பூங்காவுக்குள் மரங்கள் பத்திரமாகவே நின்றன. ஆனால் சுற்றியிருந்த காடு வெட்டப்பட்டதால், விதை தின்னும் விலங்குகள் எஞ்சிய துண்டுக்குள் குவிந்தன. 1998 எல் நினோவை ஒட்டிய பெரும் விதைப்பருவத்திலிருந்து புதிய தலைமுறை எழவே இல்லை. மரம் பிழைத்திருந்தது, தம்பி. அடுத்த தலைமுறைதான் வரவில்லை.

விதையைச் சேமித்து வைக்கலாமே என்று யாரேனும் கேட்பீர்கள். முடியாது. டிப்டெரோகார்ப் விதைகள் பெரும்பாலும் உறங்குவதில்லை; உலர்த்திக் குளிரில் வைத்தால் இறந்துவிடும். ஈரம் கிடைத்தால் நாள் கணக்கில் முளைக்கும், கிடைக்காவிட்டால் வார கணக்கில் வீணாகும். நெல் விதையைப் போலக் குதிரில் கட்டிவைக்க முடியாத விதை இது. காடு மட்டுமே இதன் களஞ்சியம்.

பிப்ரவரி 8, பிற்பகல் 1.20

ஈப்போவிலிருந்து ஓர் அக்கா எழுதியிருக்கிறார்: “தம்பி, எங்கள் பக்கத்தில் செராயா மலைமேல் நிற்கும் மரம். கேமரன் மலைக்குப் போகும் வழியில் உயர்ந்த முகடுகளில்தான் அந்தச் சாம்பல் உச்சிகளைப் பார்க்கிறோம். நீங்கள் தாழ்நிலக் காட்டு மரம் என்று எழுதுவது சரியா?”

அக்கா, உங்கள் கண் பொய் சொல்லவில்லை. தீபகற்ப மலேசியாவின் உட்பகுதியில் செராயாவின் நடு இருப்பிடம் ஏறத்தாழ 300 மீட்டர் முதல் 800 மீட்டர் வரை உள்ள குன்றுக் காடு. ஆனால் கடலை ஒட்டி எழும் குன்றுகளில் அது கடல்மட்டத்துக்கு அருகிலேயே இறங்கிவிடுகிறது. கரையோரக் குன்றின் டிப்டெரோகார்ப் காடு என்று இதைத் தனியாகவே குறிப்பிடுவார்கள். புக்கிட் தீமா அந்த வகை. உயரத்தை விட, நீர் வடியும் முகடும் ஆழமற்ற மண்ணுமே அதற்கு முக்கியம் என்று இதிலிருந்து தெரிகிறது. உங்கள் பக்கத்து முகடுகளில் செராயாவின் அடியில் பெர்தாம் பனை புதராக மண்டிக் கிடக்கும் அல்லவா? அந்தப் பனை கன்றுகளை அழுத்திவிடுவது மலேசிய வனத்துறையினருக்குப் பழைய தலைவலி. புக்கிட் தீமா முகட்டில் நான் பார்ப்பது வேறு கூட்டம்: கெருயிங் வகையில் ஒன்றான டிப்டெரோகார்ப்பஸ் காடேட்டஸ், தொட்டால் தோலைப் புண்ணாக்கும் கரும்பால் கொண்ட ரெங்காஸ், அவற்றின் அடியில் நடுத்தர உயர மரங்கள். 1993இல் தொடங்கிய இரண்டு ஹெக்டர் ஆய்வுத் திடல் ஒன்று அங்கே இருக்கிறது. அந்தச் சிறு இடத்தில் மட்டும் 300-க்கு மேற்பட்ட மர இனங்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். செராயா அவற்றுள் ஒன்று.

பிப்ரவரி 8, இரவு 11.00

அக்கா தனிச்செய்தியில் பிசினைப் பற்றியும் கேட்டிருந்தார். எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கே சொல்கிறேன். செராயாவின் பட்டையில் கீறல் விழுந்த இடத்தில் பிசின் கசிந்து, கண்ணாடி மணிபோல் உறைந்திருக்கும். மலாய் மக்கள் இந்தக் குடும்பத்து மரங்களின் பிசினால் பந்தம் செய்தார்கள், படகின் இடுக்குகளை அடைத்தார்கள். நம் வீடுகளில் சாம்பிராணியோடு புகையும் குங்கிலியமும் இதே குடும்பத்து மரங்களிலிருந்து வருவதே. திருக்கடையூரில் குங்கிலியப் பணி செய்த கலய நாயனாரின் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இந்த மரக் குடும்பம் அந்நியம் இல்லை; அதன் பெருங்கூட்டம் இங்கே இருக்கிறது, சில கிளைகள் அங்கே.

பிப்ரவரி 10, காலை 6.50

முதல் நாள் எழுதியதைக் கூர்மையாக்க வேண்டும். சாலையோரத்தில் டிப்டெரோகார்ப் மரமே வளராது என்று யாரும் என் குறிப்பிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹோப்பியா ஓடோராட்டா என்ற உறவு மரம் நம் சாலைகளில் நன்றாகவே வளர்கிறது. அது மியன்மார், தாய்லாந்து முதல் மலேசியாவின் வடபகுதி வரை ஆற்றங்கரைகளில் நிற்கும் மரம், வெயிலையும் ஈரமண்ணையும் தாங்கிப் பழகியது. சிங்கப்பூர் பூமலையிலும் (தாவரவியல் பூங்கா) பல டிப்டெரோகார்ப் மரங்கள் நட்டு வளர்க்கப்பட்டு ஓங்கி நிற்கின்றன. நல்ல மண்ணும், முதல் சில ஆண்டுகளுக்கு இளநிழலும், பொறுப்பான ஆளும் இருந்தால் செராயாவும் பேட்டைத் தோட்டத்தில் வளரக்கூடும்.

எனவே “வளருமா” என்ற கேள்வியை ஒதுக்கிவிடுவோம். வளர்ந்தபின் அதற்குப் பிள்ளை பிறக்குமா என்பதே கேள்வி.

பிப்ரவரி 10, இரவு 10.40

பிள்ளை பிறக்கப் பூச்சி வேண்டும். செராயா சேர்ந்த உட்பிரிவின் மரங்களுக்கு மகரந்தம் சேர்ப்பவை யானைக்கால் போன்ற மரத்துக்குப் பொருந்தாத அளவு சிறிய உயிர்கள்: இலைப்பேன்கள். நெகிரி செம்பிலானின் பாசோ காட்டில் அப்பனா, சான் ஆகிய இருவரும் செய்த ஆய்வு 1981இல் வெளிவந்தது. பூக்கள் மாலையில் விரிகின்றன. மொட்டிலேயே பெருகியிருக்கும் இலைப்பேன்கள் இரவெல்லாம் இதழுக்குள் மேய்கின்றன. விடியலில் இதழ் உதிரும்போது அவையும் சேர்ந்து தரைக்கு வந்து, மாலையில் மகரந்தத்தோடு மேலெழுந்து புதிய பூக்களுக்குப் போகின்றன. அவை ஆயுள் குறைந்தவை, வேகமாகப் பெருகுபவை. பூ இல்லாத நீண்ட ஆண்டுகளில் காட்டின் பிற பூக்களில் சிறு எண்ணிக்கையில் காலம் தள்ளி, பூப்பு தொடங்கியதும் சில வாரங்களில் பெருங்கூட்டமாகின்றன. சரவாக்கின் லம்பிரில் பின்னர் நடந்த ஆய்வுகளில் நெருங்கிய உறவினம் ஒன்றுக்கு வண்டுகளும் முக்கியம் என்று தெரிந்தது. ஆகவே காட்டுக்குக் காடு இது மாறும். மாறாதது ஒன்று: பூ இல்லாத ஆண்டுகளில் பூச்சியைக் காப்பாற்றி வைக்கும் கலப்புக் காடு வேண்டும். புல்லும் நடைபாதையும் சூழ்ந்த தனி மரத்தடியில் அந்த ஏற்பாடு இல்லை.

தனி மரத்துக்கு இன்னொரு கேடும் உண்டு. செராயாவின் மரபணுவை வைத்துத் தீபகற்ப மலேசியாவில் செய்த ஆய்வு 2002இல் வந்தது. வெட்டப்படாத காட்டில் விதைகளில் மிகப் பெரும்பகுதி அயல் மரத்து மகரந்தத்தால் உண்டானவை. தேர்ந்தெடுத்து வெட்டப்பட்ட காட்டில் அந்த அளவு ஏறத்தாழ பாதியாகச் சரிந்திருந்தது. மீதி விதைகள் தன்மகரந்தச் சேர்க்கையின் விளைவு. தன்னைத் தானே சேர்த்துக்கொண்ட விதை முளைக்கலாம். அந்தக் கன்றுகள் பொதுவாக வலுக்குறைந்தவை. மரங்கள் நின்றாலும் அவற்றுக்கிடையே தொலைவு கூடியதாலேயே இது நடந்தது. அப்படியிருக்கத் தெருவுக்கு ஒன்று என்று நட்டால் என்னவாகும்?

2002ஆம் ஆண்டு சாங்கியில் ஹால்டன் சாலையோரம் நின்ற ஹோப்பியா சங்கல் என்ற பழம்பெரும் டிப்டெரோகார்ப் மரம் அனுமதியின்றி வெட்டப்பட்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சிங்கப்பூரிலிருந்து மறைந்துவிட்டதாகக் கருதப்பட்ட இனம் அது. கட்டடங்களுக்கிடையே காடு போன பிறகும் அந்த ஒற்றை மரம் நெடுங்காலம் நின்றது. ஒரு நாள் இரம்பத்துக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட கோபம் இன்னும் தணியவில்லை.

பிப்ரவரி 13, இரவு 9.10

உட்லண்ட்ஸ் தம்பி கேட்கிறார்: “காடு தானாகப் பரவாதா ஐயா? விதைக்கு இறக்கை இருக்கிறதே? அரசாங்கம் இடத்தைச் சும்மா விட்டாலே போதாதா?”

இதற்கு நம் தீவே நூறாண்டுக்கு மேல் ஒரு பதில் வைத்திருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தீவின் காட்டைப் பெரும்பாலும் தின்றவை கம்பிர், மிளகுத் தோட்டங்கள். கம்பிர் நம் வெற்றிலைத் தட்டில் காசுக்கட்டியாக இருந்தது. ஐரோப்பாவுக்குத் தோல் பதனிடப் போனது. அதன் இலையைக் கொப்பரையில் காய்ச்சி எடுக்க வேண்டும். காய்ச்ச விறகு வேண்டும். தோட்டத்துக்கு ஒரு பங்கு காடு, அடுப்புக்கு இன்னொரு பங்கு காடு. சில ஆண்டுகளில் மண் வெளுத்துப் போனதும் தோட்டக்காரர்கள் அடுத்த காட்டுக்கு நகர்ந்தார்கள். 1854இல் இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் புக்கிட் தீமாவில் தங்கி வண்டு சேகரித்தபோது, மரவெட்டிகள் வீழ்த்திய புதிய மரங்களே அவருக்கு அவ்வளவு வண்டுகளைக் கொண்டுவந்தன. அவர் சேகரிப்பின் வளத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வீழ்ந்து கிடந்த அந்த மரங்களே நினைவுக்கு வருகின்றன. 1883இல் தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளர் நத்தேனியல் கான்ட்லி காடுகளின் நிலையை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். அதையொட்டி உருவான காப்புக்காடுகளில் ஒன்றே புக்கிட் தீமா. 1951இல் அதையும் பிற இயற்கை வனப்பகுதிகளையும் காக்கச் சட்டம் வந்தது. தீவின் நிலப்பரப்பில் இன்று எஞ்சியுள்ள முதல்நிலைக் காடு (ஒருபோதும் அழிக்கப்படாத பழங்காடு) ஒரு விழுக்காடுகூட இல்லை.

கைவிடப்பட்ட தோட்டங்கள் என்ன ஆயின? மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். வெளிறிய மண், மெல்லிய தண்டு மரங்கள், தீயுப்-தீயுப் என்று மலாயில் சொல்லும் அடினாண்ட்ரா, வெளிச்சம் விழும் இடமெல்லாம் ரெசாம் பெரணி. இதை மலாயில் பெலுக்கார் என்பார்கள். பறவையும் வௌவாலும் கொண்டுவரும் சிறு விதை மரங்கள் அங்கே வந்துவிட்டன. காட்டில் வாழும் உயிர்களுக்கு அது பெரிய புகலிடம், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் நூறாண்டு கழித்தும் அங்கே டிப்டெரோகார்ப் மரங்கள் திரும்பவில்லை. தாய்மரங்கள் நிற்கும் எச்சத் துண்டுகளை விட்டு அவை நகர்வதே இல்லை என்று சொல்லும் அளவுக்கு மெதுவாகவே நகர்கின்றன.

காரணம் அந்த இறக்கையிலேயே இருக்கிறது. செராயா விதையைக் கையில் வைத்துப் பார்த்தால், மூன்று நீண்ட இறக்கைகளும் இரண்டு குட்டை இறக்கைகளும் நீளவாட்டு நரம்புகளோடு காகிதம்போல் காய்ந்திருக்கும். அடியில் கூம்பிய கொட்டை. உயரத்திலிருந்து விடுபட்டால் சுழன்றுகொண்டே இறங்கும், ஆனால் பெரும்பாலும் தாய்மரத்திலிருந்து சில பத்து மீட்டருக்குள்ளேயே விழும். புயல்காற்று அடித்தால் சில விதைகள் தொலைவு போகலாம். வழக்கமாக நடப்பது அதுவன்று. அடர்ந்த காட்டுக்குள் காற்றே குறைவு. பறவை இதை விழுங்குவதில்லை. விழுந்த இடத்திலோ, நான் முன்பு சொன்ன பூஞ்சை, நிழல், ஈரம் எல்லாம் இருக்க வேண்டும்.

பிப்ரவரி 14, காலை 7.30

நேற்றைய குறிப்போடு சேர்த்துப் படிக்க வேண்டியது. புக்கிட் தீமாவுக்கும் மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதிக்கும் இடையே 1986இல் திறந்த புக்கிட் தீமா விரைவுச்சாலை ஓடுகிறது. மறுபுறங்களில் பழைய கற்சுரங்கங்கள் குன்றைத் தின்ற பள்ளங்கள். ஆக, ஒரு சின்னக் காடு நான்கு பக்கமும் விளிம்பாக நிற்கிறது. விளிம்பில் வெயில் பக்கவாட்டில் நுழைகிறது, காற்று ஈரத்தை உறிஞ்சுகிறது, கொடிகள் ஏறுகின்றன. உள்காட்டுக் கன்று அங்கே தவிக்கும். 2013இல் கட்டி முடிக்கப்பட்ட 62 மீட்டர் நீள விலங்குப் பாலம் எறும்புண்ணிக்கும் புனுகுப்பூனைக்கும் வழி செய்தது. செராயாவின் விதை அதன்மேல் நடந்துபோகாது, ஆனால் பாலத்தின் இரு முனையிலும் காடு தடித்தால் மகரந்தமும் பூச்சியும் கடக்க வாய்ப்பு உண்டாகும். 2014 முதல் 2016 வரை வனப்பகுதியைப் பெரும்பாலும் மூடி, சரிவைப் பலப்படுத்திப் பாதைகளைச் சீரமைத்தபோது பலர் முறையிட்டார்கள். எனக்கும் நடை போனது. ஆனால் மிதிபட்டு இறுகிய பாதையோர மண்ணில் கன்று நிற்காது என்பதைப் பார்த்திருந்ததால், அந்த முடிவு சரி என்றே அன்றும் சொன்னேன்.

முழங்கால் உயரத்தில், ஏழெட்டு இலைகளோடு, ஆண்டுக்கணக்கில் வளராததுபோல் நிற்கும் செராயாக் கன்றுகள் பாதைக்கு வெகு அருகிலும் உண்டு. அவை நோயுற்றவை அல்ல. மேலே ஒரு பெருமரம் சாய்ந்து வெளிச்சம் இறங்கும் நாளுக்காகக் காத்திருப்பவை. படம் எடுப்பதற்காகப் பாதையை விட்டு ஓரடி விலகினால், உங்கள் வயதுள்ள கன்றை மிதித்துவிடக்கூடும்.

பிப்ரவரி 17, இரவு 8.45

“அப்படியானால் மரம் நடுவதே வீண் என்கிறீர்களா?” என்ற கேள்வியில் வருத்தம் தெரிகிறது. வீண் என்று நான் சொல்லவில்லை, தம்பி. எங்கே, யாருக்காக நடுகிறோம் என்பதைப் பிரித்துப் பாருங்கள்.

பேட்டையில் நடும் மரம் மனிதருக்கு. நடைபாதையின் சூட்டைக் குறைக்கிறது, மழைநீரை வாங்குகிறது, மைனாவுக்கும் மாங்குயிலுக்கும் இடம் தருகிறது. அதற்குத் தெம்புசு, பெனாகா லாவுட், ஹோப்பியா ஓடோராட்டா போன்ற தாங்கும் மரங்கள் போதும். தூங்குமூஞ்சி மரத்தின் மேலும் எனக்குப் பகை இல்லை, அதன் கிளைகளில் எத்தனை பெரணிகள் குடியிருக்கின்றன என்று அண்ணாந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

செராயாவுக்காக நட வேண்டிய இடம் காட்டின் விளிம்பு. தேசியப் பூங்காக் கழகம் 2019இல் அறிவித்த காட்டு மீட்புத் திட்டம் பத்தாண்டுகளில் 250,000 உள்நாட்டு மரங்களையும் செடிகளையும், வனப்பகுதிகளை ஒட்டிய இயற்கைப் பூங்காக்களில் நடுவதைக் குறிக்கோளாக வைத்தது. டெய்ரி பார்ம், செஸ்ட்னட், 2022இல் திறந்த ரைபிள் ரேஞ்ச் போன்ற பூங்காக்கள் அவ்வகையில் முக்கியமானவை. முதலில் சான்சிபார் கிழங்குக் கொடி போன்ற படையெடுக்கும் கொடிகளை அகற்றுகிறார்கள். விரைவாக வளரும் உள்நாட்டு மரங்களால் நிழல் உண்டாக்குகிறார்கள். பிறகே காட்டின் மெதுவான மரங்கள் அந்த நிழலுக்குள் வருகின்றன. இந்த வரிசை எனக்கு நம்பிக்கை தருகிறது, ஏனென்றால் அது மரத்தை விட்டு மரத்தின் வீட்டிலிருந்து தொடங்குகிறது. விளிம்பு தடித்தால் நடுக்காட்டில் ஈரம் நிற்கும். தாய்மரங்களுக்கு அருகே நட்ட கன்று வளர்ந்து பூத்தால், மகரந்தம் எட்டும் தொலைவில் துணை இருக்கும். பலன் தெரியப் பல பத்தாண்டுகள் ஆகும். இன்று நடுபவர்களில் பலர் அந்த மரத்தின் முதல் பூவைப் பார்க்க மாட்டார்கள். அதற்காக நடாமல் இருக்கக் கூடாது.

ஒன்றில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. “வேறிடத்தில் ஈடாக நட்டுவிடுகிறோம்” என்ற சமாதானத்தைச் சொல்லி, எஞ்சிய முதல்நிலைக் காட்டின் ஒரு மூலையை எடுக்கலாம் என்று யார் சொன்னாலும் ஏற்க மாட்டேன். ஆயிரம் கன்றுக்கும் ஒரு முகட்டுக்கும் கணக்கு நேராகாது.

பிப்ரவரி 18, காலை 6.15

தம்பி இப்போது செயல்முறைக்கு வந்துவிட்டார்: பேட்டையின் சமூகத் தோட்டத்துக்காகப் புக்கிட் தீமாவில் விழும் செராயா விதைகளைப் பொறுக்கலாமா என்று கேட்கிறார்.

பொறுக்கக் கூடாது. வனப்பகுதியிலிருந்து விதையோ இலையோ கன்றோ எடுப்பதைச் சட்டம் தடுக்கிறது; சட்டம் இல்லாவிட்டாலும், பல ஆண்டுக்கு ஒரு முறை விழும் விதையில் ஒவ்வொன்றும் அந்த மண்ணுக்குத் தேவை. கன்று வேண்டுமானால் தேசியப் பூங்காக் கழகத்திடம் எழுதிக் கேளுங்கள். சமூகத் தோட்டத்துக்குத் தெம்புசு கேட்டால் நன்று. செராயாவுக்கு உழைக்க விரும்பினால் இயற்கைப் பூங்காக்களில் நடக்கும் தன்னார்வலர் நடவுக்கும் கொடி அகற்றும் பணிக்கும் பெயர் கொடுங்கள், குடும்பமாகவே வரலாம். நீளக் கால்சட்டை, மூடிய காலணி, கொசு மருந்து தேவை. ரெங்காஸ் மரத்தின் பாலைத் தொட்டால் தோல் வெந்துபோகும், ஆகவே பிள்ளைகளிடம் எந்தப் பட்டையையும் கீற வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றும் செய்யலாம். இவ்வாண்டு பிப்ரவரி வறண்டு கிடக்கிறது. அடுத்த சில மாதங்களில் உச்சிக்குச் செல்லும் தார்ச்சாலையில் வெளிர்நிறச் சிறு இதழ்கள் கொட்டிக் கிடந்தால், மேலே எந்த மரம் என்று பாருங்கள். நாளையும் இடத்தையும் குறித்து, படத்தோடு கழகத்துக்கு அனுப்புங்கள். விதைகள் எப்போது விழும் என்று முன்னரே தெரிந்தால்தான் நாற்றங்கால் ஆட்களால் ஆயத்தமாக முடியும்.